விமான விபத்துச் செய்தி வந்ததுமே உங்களிடம் காரணம் சொன்னவர் யார்?

ஜன்னலோரம்:
அகமதாபாத் விபத்து நடந்த அதே வாரம், 2025 ஜூன். எங்கள் விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் அந்த மங்கலான வீடியோவை இரண்டு விரலால் பெரிதாக்கி, இறக்கை மேல் நகத்தை வைத்து, "ஃபிளாப்பே இறக்கல, பாத்தீங்களா?" என்றார். புறப்படும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகட்டைச் சொல்கிறார். எனக்குத் தெரிந்தது நாலு சாம்பல் கட்டம்தான். முன்சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்து, "நம்மளுது இறக்கியாச்சா?" என்று கேட்டான். ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கையில், ஃபிளாப் கைப்பிடி புறப்பாட்டுக்குரிய 5 டிகிரியிலேயே இருந்தது என்று போட்டிருந்தது. அந்த ஆளின் நம்பரை வாங்காமல் விட்டுவிட்டேன்.

மேகமூட்டம்:
அவரை விடுங்க, அறிக்கையைப் படித்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? இரண்டு எரிபொருள் சுவிட்சும் ஒரு நொடி இடைவெளியில் கட்ஆஃபுக்கு, அதாவது எரிபொருளை நிறுத்தும் நிலைக்கு, போனதாக அதில் இருக்கிறது. யார், ஏன் என்று இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருத்தர் சாப்பாட்டு மேஜையிலேயே விமானி மேல் தீர்ப்பு எழுதிவிட்டார். எதிரே இருந்தவளின் தம்பி விமானி. பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடி எழுந்து போனாள். அவர் பேச்சை நிறுத்தவே இல்லை.

பழைய மெக்கானிக்:
என் மச்சான் விமான கேம் வீடியோவை நிஜ விபத்து என்று அனுப்பினார், அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன். 2008இல் ஹீத்ரோவில் ஒரு போயிங் 777 விமானம் தரையிறங்கும் நேரத்தில் இரண்டு என்ஜினும் கேட்ட விசையைத் தரவில்லை, ஓடுபாதைக்கு முன்பே புல்லில் இறங்கியது. யாரும் சாகவில்லை. எரிபொருளில் இருந்த துளி நீர் உறைந்து குழாய்க்குள் படிந்து, பிறகு மொத்தமாக நகர்ந்து, எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்திருக்கிறது. வீடியோவைப் பார்த்து இதை யார் சொல்லியிருப்பார்கள்? 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பதிவுக் கருவிகள் கிடைக்கவே 2011 ஆனது. அதனால் ஃபார்வர்டு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் எந்த ரக விமானம் என்று பாருங்கள், என்ஜின் எத்தனை என்று எண்ணுங்கள், ஒலி வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா என்று கேளுங்கள்...

நடுசீட்:
அண்ணே, கேட்டது அனுபவம், வகுப்பு இல்லை. யூகிக்காமல் வீட்டில் இருப்பவர்களால் முடியுமா? எங்கப்பா இப்போதெல்லாம் ஏறினதும் போன் போட்டு, சீட் பையில் இருக்கிற பாதுகாப்பு அட்டையில் என்ன மாடல் போட்டிருக்கு என்று கேட்கிறார். எந்த எண்ணைச் சொன்னாலும் "ம்ம்" என்கிறார். எதைச் சொன்னால் இறங்கச் சொல்வாரோ, தெரியவில்லை.