ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை பக்கம் வாடகை வீடு: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் டீச்சர்:

ராமேஸ்வரத்துக்கு மாற்றலாகி வரும் தங்கச்சி ஒருவர், "ஐயாயிரத்துக்குள்ள வீடு கிடைக்குமாக்கா?" என்று கேட்டிருந்தார். கிடைக்கும். 2023 ஜூனில் கணவர், ஐந்து வயது மகனோடு வந்து நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

முதல் ஒரு வாரம் கோயிலைச் சுற்றியேதான் தேடினோம். ரத வீதி, சன்னதி தெரு, வேர்க்கோடு என்று நடையாய் நடந்தோம். வீடு இல்லாமல் இல்லை, மாத வாடகைக்குத்தான் இல்லை. யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டாலே நல்ல காசு. அது அவர்கள் பிழைப்பு, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு வீட்டில் எட்டாயிரம் வாடகை பேசி முடித்த பிறகு, "ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மட்டும் சாவியக் குடுத்துட்டு ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வந்துருங்க" என்றார்கள். எங்கள் பாத்திரமும் துணிமணியும் கிடக்கும் வீட்டில் வேறு யாரோ தங்குவார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டோம். இன்னொரு வீட்டில் வாசலில் நிற்கவைத்தே "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் திரும்பினோம். இன்று நினைத்தாலும் வலிக்கிறது.

ராமநாதபுரத்திலேயே இருந்துகொள்ளலாம் என்றால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனதால் அப்போது பஸ்தான் கதி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. உங்கள் வேலை நேரத்துக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாம்பனில் ஒரு மாடி வீடு, வாடகை நாலாயிரம். ஜன்னலைத் திறந்தால் கடல். மகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றான். எனக்கும் ஆசைதான். அண்ணாந்து பார்த்தேன். சமையலறை மேல்தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது, துரு செதில் செதிலாய் உரிந்து நின்றது. படுக்கையறையில் அதே இடத்தைப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துவிடும், அதுதான் காரையைத் தள்ளிவிடுகிறது. மேலே வெள்ளையடித்து என்ன பிரயோஜனம்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்க இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் காப்பாற்றினார். "தண்ணிய வாயில வச்சுப் பாத்தியாம்மா?" என்றார். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். சுத்தமான உப்பு. அப்புறம் குடிக்க என்ன செய்கிறீர்கள் என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பனைமரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மணலில் இடுப்பளவு ஊற்றுக்குழி. உள்ளே இறங்கிக் குந்திக்கொண்டு சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றினார். நாலு சிரட்டை மொண்டால் குழி வறண்டுவிடும், மறுபடி ஊறக் காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறையக் கால்மணி நேரம். அந்தத் தண்ணீர் அவ்வளவு இனிப்பு! மழைத்தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கொஞ்சமாய்த் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழமாய்ப் போர் போட்டால் உப்பு. அது அந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போகிற நான் ஊற்றில் போய் உட்கார முடியாது. வண்டியில் வரும் தண்ணீர் குடம் பத்து ரூபாய். சமையலுக்கும் குடிக்கவும் நாளைக்கு ஆறு குடம் என்றால் மாதம் 1,800. நாலாயிரம் ரூபாய் வீடு ஐயாயிரத்து எண்ணூறு ஆகிவிட்டது.

கடைசியில் தங்கச்சிமடத்தில் டீக்கடை அண்ணன் ஒருவர் சொல்லி இந்த வீடு கிடைத்தது. புரோக்கர் கமிஷன் இல்லை. கடலைவிட்டுத் தள்ளி, இரண்டு அறை, வாடகை ஐயாயிரம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் குடிதண்ணீர். வீட்டுக்கார ஐயா ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டார். 2019-லிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று என் கணவர் பணிவாகச் சொன்னார். ஐயா மகனிடம் போனில் பேசினார். பதினைந்தாயிரத்துக்கு ஒத்துக்கொண்டு, எழுத்தில் ஒப்பந்தமும் போட்டுத் தந்தார். கரண்டுக்குத் தனி மீட்டர் என்பதால் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் எங்களுக்கே வருகிறது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் அது நமக்கு வராது, கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழக்கரை வாசகி:

எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம் உண்டு. மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வீட்டைக் கட்டிவிட்டு, கல்யாணம் வரைக்கும் வாடகைக்கு விடுவார்கள். அப்படி ஒரு வீட்டில் நாலு வருஷம் இருந்தேன். நல்ல காற்றோட்டம், நியாயமான வாடகை. வீட்டுக்கார லாத்தா (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாளே, "மகளுக்குப் பேசி முடிஞ்சா ஆறு மாசத்துல காலி பண்ணித் தரணும்மா" என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே ஆறு மாதம் முன்னாலேயே தகவலும் சொன்னார். அட்வான்ஸைப் பைசா குறையாமல் கையில் கொடுத்து, கல்யாணத்துக்கும் கூப்பிட்டார். இந்த மாதிரி வீடு போர்டில் வராது, தெருவுக்குள் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும்.

மண்டபம் விசைப்படகுத் தொழிலாளி:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எங்களுக்கு அப்போது கடலும் இல்லை, கூலியும் இல்லை. போன தடவை இருந்த வீட்டில் இரண்டு மாத வாடகை நின்றதும் சாமானை வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார்கள், வீட்டில் கைக்குழந்தை. இப்போது இருக்கும் வீட்டில் வாடகை பேசும்போதே தடைக்காலத்தையும் பேசிவிட்டேன். அந்த இரண்டு மாதப் பாக்கியைப் பிறகு நாலு தவணையாகக் கட்டுகிறேன்.

தங்கச்சிமடம் டீச்சர்:

அண்ணே, நீங்க சொன்னது எங்களுக்குத் தோணவே இல்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடல் வீட்டுப் பிள்ளைகள்தான்.

தங்கச்சி, எங்கள் தெருவில் மூன்றாவது வீடு இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. சனிக்கிழமை காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள், அன்றைக்குத் தண்ணீர் முறை. குழாய் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நீங்களே நின்று பார்த்துவிட்டு அப்புறம் வாடகை பேசலாம். காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில்.