ஹபக்ஸ் லெகோமெனன் – தமிழில் ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நூலில் ஒரே ஒருமுறை மட்டும் வரும் சொல்லை 'ஹபக்ஸ் லெகோமெனன்' (சுருக்கமாக ஹபக்ஸ்) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> 'அருஞ்சொல்' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். பாடநூலில் செய்யுளுக்குக் கீழே 'அருஞ்சொற்பொருள்' என்று போடுவது விளங்காத சொல்லுக்கு. விளங்காத சொல் ஒரே நூலில் பத்து இடத்தில்கூட வரலாம். நாம் பேசுவது எண்ணிக்கையைப் பற்றி. 'ஒருமுறை சொல்லப்பட்டது' என்பதுதான் அந்தக் கிரேக்கத் தொடரின் நேர்ப்பொருள். 'தனிச்சொல்' யாப்பிலக்கணத்துக்குப் போய்விட்டது. நேற்று ஒருவர் சொன்ன 'ஒருகாற்சொல்' இலக்கணப்படி சரி, ஆனால் படிப்பவர் கண்ணுக்கு நொண்டியடிக்கும் சொல்லாகத் தெரியும்.

என் பரிந்துரை 'ஒற்றைவரவு'. அதோடு இன்னொரு சொல்லும் வேண்டும் என்கிறேன். காரணம், ஹபக்ஸுக்கு எல்லாரும் முதலில் எடுத்துக்காட்டும் விவிலியச் சொல்லே கணக்குப்படி ஹபக்ஸ் அல்ல.

அந்தச் சொல் எபியூசியோஸ். இயேசு கற்பித்த செபத்தில் உணவுக்கு அடைமொழியாக வருகிறது: மத்தேயு 6:11, லூக்கா 11:3. ஆக, புதிய ஏற்பாட்டில் இரண்டு வரவு. திதாகே என்ற ஆதித் திருச்சபை நூலின் 8ஆம் அதிகாரத்திலும் உண்டு, அங்கும் இதே செபம்தான். இதற்கு வெளியே? 3ஆம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஓரிகென் தேடிப் பார்த்துவிட்டு, அறிஞரும் இதை எழுதியதில்லை, பாமரரும் பேசியதில்லை, நற்செய்தியாளர்களே புனைந்ததாகத் தோன்றுகிறது என்று எழுதினார். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே கைவிரித்த சொல்!

நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) ஏடு ஒன்று 1889இல் அச்சானது. வீட்டுச் செலவுக் கணக்கு. அதில் ஒரு வரியில் எபியூசியோஸ் இருப்பதாகப் படித்தார்கள். 'அன்றாடப் படி' என்ற பொருளுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று அகராதிகளிலும் ஏற்றினார்கள். அப்புறம் அந்த ஏடே காணாமல் போனது. 1998இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெய்னெக்கி நூலகத்தில் அது அகப்பட்டபோது மறுபடி படித்துப் பார்த்தால், அங்கே இருந்தது எலாயு, அதாவது எண்ணெய்.

பொருளும் முடிவாகவில்லை. 'ஊசியா' (இருப்பு, உள்பொருள்) என்பதோடு 'எபி' என்ற முன்னொட்டு சேர்ந்தது என்பது ஒரு கட்சி. விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவுக்கு 'சூப்பர்சப்ஸ்டான்ஷியாலிஸ்' (உள்பொருளுக்கு மேற்பட்ட) என்று போட்டது இதன்படிதான். அதே ஜெரோம் லூக்காவில் 'குவோட்டிடியானுஸ்' (அன்றாட) என்ற பழைய சொல்லை அப்படியே விட்டுவிட்டார். எதிர்க்கட்சி புணர்ச்சி விதியைக் காட்டுகிறது: உயிர் முன் வந்தால் எபியின் இகரம் கெட்டு 'எபூசியோஸ்' என்றல்லவா ஆகியிருக்கவேண்டும்? (விதிவிலக்குகள் உண்டு, நம் நன்னூலில் இல்லையா என்ன.) அவர்கள் இதை 'வருகின்ற' என்ற வினையோடு சேர்ப்பார்கள். திருத்தூதர் பணிகள் 16:11இல் 'எபியூசே' என்றால் மறுநாள். எபிரேயர் நற்செய்தி என்ற, விவிலியத்தில் சேராத பழைய நூலில் இந்த இடத்தில் 'மாஹார்', அதாவது நாளை, என்று இருந்ததாக ஜெரோமே குறித்திருக்கிறார். எனக்கு இந்தப் பக்கம்தான் சாய்வு. பெஷித்தா என்ற சிரியாக் மொழி விவிலியத்தில் 'எங்கள் தேவைக்கான' என்ற பொருள். தமிழில் சீர்திருத்தச் சபையார் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரம்' என்கிறார்கள், கத்தோலிக்கர் செபிப்பது 'அனுதின உணவு'. கேட்டு வளர்ந்த காதுக்கு இரண்டுமே இயல்பாகப் படுகின்றன.

சரி, சொல்லாக்கத்துக்கு வருவோம். இதற்கு நேர்மாறான ஒன்று 1 தீமோத்தேயு 2:12இல் வரும் 'அவுதெந்தெயின்'. பெண்கள் சபையில் அதிகாரம் செலுத்துவது பற்றிய சண்டைக்கெல்லாம் மூலமான வினைச்சொல். புதிய ஏற்பாட்டில் அது ஒரே ஒருமுறைதான். ஆனால் வெளியே பாப்பிரஸிலும் பிற நூல்களிலும் உண்டு. அதாவது ஒரு நூலுக்குள் எத்தனை முறை என்பது ஒரு கேள்வி, வெளியே வழக்கு உண்டா என்பது வேறு கேள்வி. ஹபக்ஸ் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது இரண்டும் குழம்பிவிடுகின்றன. நாம் புதிதாகத்தானே ஆக்குகிறோம், குழப்பத்தையும் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்?

ஆகவே ஒரு நூலுக்குள் ஒரேமுறை வருவதற்கு ஒற்றைவரவு, வெளியே வழக்கே இல்லாததற்குத் தனிவழக்கு. அவுதெந்தெயின் புதிய ஏற்பாட்டின் ஒற்றைவரவு, தனிவழக்கு அல்ல. எபியூசியோஸ் தனிவழக்கு, ஒற்றைவரவு அல்ல. இருமுறை வருவதைக் குறிக்கும் டிஸ் லெகோமெனன் 'இரட்டைவரவு' ஆகிவிடும்.

> வரவு என்றால் கணக்குப்பிள்ளை ஞாபகம் வருகிறதே?

வரட்டும். 'நிகழ்வு' என்றால் நிகழ்தகவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். 'ஒருவரவு' என்பதை மட்டும் தவிர்க்கச் சொல்கிறேன், 'ஒருவர்' என்று கண் வழுக்குகிறது.

தரவகத்தில் (கணினியில் தொகுத்த பெரும் உரைத்திரட்டில்) வேலை செய்பவர்களுக்கு ஒரு நிபந்தனை. பெரிய தரவகத்திலும் வெவ்வேறு சொல்வடிவங்களில் ஏறத்தாழப் பாதி ஒருமுறைதான் வரும். தமிழில் வேற்றுமையும் இடைச்சொல்லும் ஒட்டுவதால் இன்னும் கூடும். 'மரத்திலிருந்துமா' ஒரே இடத்தில் வந்தது என்பதற்காக அதை ஒற்றைவரவு என்று பட்டியலிட்டால் பட்டியலுக்குப் பயன் இராது. அகராதித் தலைச்சொல்லை வைத்து எண்ணினோமா, வடிவத்தை வைத்தா, எந்த நூலுக்குள் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடவேண்டும்.

மூன்றுமுறை வருவதற்கு 'மூவரவு' போதும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் சொல் வேண்டாம், எண்ணையே எழுதிவிடலாம். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.