டையிங் யூனிட்டில் பாய்லர் ஹெல்பர் வேலை, செகண்ட் கிளாஸ் லைசென்ஸ் எடுக்க எங்கே ஆரம்பிப்பது?

பல்லடம்_பையன்:

அண்ணன்மார்களே வணக்கம். திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டில் பாய்லர் ஹெல்பராக இருக்கிறேன், ஐடிஐ ஃபிட்டர் முடித்தவன். 3 டன் (மணிக்கு 3 டன் ஆவி தரும்) விறகு பாய்லர், 10.54 கிலோ பிரஷர். விறகு தள்ளுவது, சாம்பல் வாருவது, தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னருக்கு உப்புக் கரைத்து விடுவது எல்லாம் என் தலையில்தான். லைசென்ஸ் வைத்திருக்கும் அண்ணன் பகலில் மட்டும் வருவார், ராத்திரி ஷிப்டில் பாய்லரை நான்தான் ஓட்டுகிறேன். நடுநடுவே ஸ்டென்டருக்கு (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) ஓடும் தெர்மோபேக்கையும் (எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டர்) பார்க்கச் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாதவரைக்கும் ஹெல்பர் சம்பளம்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், அதனால் செகண்ட் கிளாஸ் (பாய்லர் ஓட்டும் அட்டெண்டன்டுக்கான இரண்டாம் நிலைச் சான்றிதழ்) எடுத்தே ஆகவேண்டும். தெரிந்த ஒருவர், பணம் கொடு, பரீட்சை எழுதாமலே வேறு ஸ்டேட்டில் வாங்கித் தருகிறேன் என்கிறார். நான் காண்ட்ராக்டர் ஆள், கம்பெனி ரோலில் பெயர் இல்லை. வழி சொல்லுங்கள்.

ரிட்டையர்டு_ஃபர்ஸ்ட்கிளாஸ்:

தம்பி, லைசென்ஸ் அப்புறம். முதலில் அந்த ராத்திரி ஷிப்ட். சர்டிபிகேட் உள்ள ஆள் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டவே கூடாது, பகல் ராத்திரி என்று சட்டத்தில் பேதம் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பாய்லர் இன்ஸ்பெக்டருக்குத் தகவல் போகவேண்டும், அவர் வந்ததும் யார் ஓட்டினது என்றுதான் கேட்பார். ஓனர் அபராதம் கட்டிவிட்டுப் போவார், உனக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். ராத்திரிக்கும் ஒரு அட்டெண்டன்ட் போடச் சொல், அவருக்குக் கீழே வேலை செய். உன் சர்வீஸும் அப்போதுதான் ஒழுங்கான சர்வீஸாகக் கணக்கில் வரும்.

சர்வீஸ் சர்டிபிகேட்தான் எல்லாவற்றுக்கும் சாவி. 18 வயதும் படிப்பும் உனக்கு இருக்கிறது, உடல்தகுதிச் சான்று டாக்டரிடம் வாங்கிவிடலாம், ஆனால் இன்ன பாய்லரில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, இன்னார் வேலை பார்த்தார் என்று பாய்லரின் ரிஜிஸ்டர் நம்பரோடு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் விண்ணப்பம் நகராது. நீ காண்ட்ராக்டர் ஆள் என்பதால் இங்கேதான் மாட்டுவாய். காண்ட்ராக்டர் லெட்டர்ஹெட்டில் வாங்காதே, பாய்லர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்கள் கொடுக்கவேண்டும். பிஎஃப், ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் அந்தத் தாள்களையும் எடுத்து வை, தேதி ஒத்துப்போகிறதா என்று சந்தேகம் வந்தால் உதவும்.

அப்புறம், தெர்மோபேக் பார்த்த காலத்தை இதில் சேர்க்காதே. அதில் ஓடுவது எண்ணெய், ஆவி அல்ல. பாய்லர் சட்டத்தில் பாய்லர் என்றால் மூடிய கலத்தில் அழுத்தத்தோடு ஆவி உண்டாக்குவது. கார்மென்ட்ஸில் அயர்ன் டேபிளுக்கு வைத்திருக்கும் 25 லிட்டருக்குக் குறைவான குட்டி பாய்லரும் கணக்கில் வராது. நான்-ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிகளுக்குள், அதாவது ஐபிஆருக்குள், வராத) பாய்லரில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு தலையில் கைவைத்தவர்கள் உண்டு. உங்கள் 3 டன் கண்டிப்பாக ஐபிஆர்தான், நம்பரைப் பாய்லர் மேலேயே பொறித்திருப்பார்கள், போய்ப் பார்.

விண்ணப்பம் சென்னையில் உள்ள கொதிகலன்கள் இயக்குநரகத்துக்கு. எத்தனை வருட சர்வீஸ் என்பது படிப்பைப் பொறுத்து மாறும், அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். 1923 சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது, அதனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய ஃபார்மை நிரப்பி அனுப்பாமல் இயக்குநரகத்தின் தற்போதைய அறிவிப்பைப் பார்த்துச் செய். புரோக்கர் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

காங்கேயம்_மில்:

அண்ணன் தாள் விஷயம் சொல்லிவிட்டார், நான் வாய்மொழித் தேர்வு பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் அரிசி மில்லில் இருந்து போனவர்கள் எழுத்தில் தேறி வாய்மொழியில்தான் திணறினார்கள். பாய்லரில் கை வைத்தவனா, புத்தகம் மட்டும் படித்தவனா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கேஜ் கிளாஸை (பாய்லருக்குள் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) கட்டாயம் கேட்பார்கள். இரண்டு கிளாஸ் எதற்கு, எப்படி டெஸ்ட் செய்வாய் என்று. தண்ணீர் காக்கை (திறந்து மூடும் வால்வு) மூடி, ட்ரெயினைத் திற, ஆவி சீறி வந்தால் மேல்வழி சுத்தம். ஆவி காக்கை மூடித் தண்ணீர் காக்கைத் திற, தண்ணீர் வந்தால் கீழ்வழி சுத்தம். பிறகு ட்ரெயினை மூடி ஆவியையும் திறந்துவிட்டால் லெவல் சட்டென்று ஏறி நிற்கவேண்டும், மெதுவாக ஊர்ந்து ஏறினால் எங்கோ அடைப்பு. நிறைய பாய்லர்களில் ஓடும்போது மூன்று கைப்பிடியும் கீழ்நோக்கித் தொங்கும், அதாவது ட்ரெயின் மூடியிருக்கும்போதும் கைப்பிடி கீழேதான். சாதாரணக் குழாய் காக்குக்கு நேர்மாறு. அதிர்வில் கைப்பிடி தானாகத் தொங்கிவிட்டாலும் கிளாஸ் வேலை செய்யும் நிலையிலேயே இருக்கவேண்டும் என்பதற்காக அப்படி. இதைக் காரணத்தோடு சொன்னால் கேட்பவர் முகம் மாறும்.

அடுத்தது, கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை, என்ன செய்வாய்? உடனே ஃபீட் பம்பைப் போடுவேன் என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். காய்ந்து சிவந்த குழாய் மேல் தண்ணீர் பட்டால் அது ஒரே நொடியில் ஆவியாகும், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1600 லிட்டர் ஆவி. முதலில் கிளாஸை டெஸ்ட் செய், தண்ணீர் இருப்பது உறுதியாகவில்லை என்றால் எரிபொருளை நிறுத்து, எஃப்டி ஃபேனை (அடுப்புக்குக் காற்று தள்ளும் ஃபேன்) நிறுத்து, டேம்பரை (புகைவழித் தடுப்பு) மூடு, பம்பைத் தொடாதே, ஆறவிடு. எண்ணெய் பாய்லரில் பர்னரை அணைத்தால் தீ அங்கேயே முடிந்தது. உங்கள் விறகு பாய்லரில் கிரேட் (விறகு எரியும் கம்பித் தட்டு) மேல் கிடக்கும் தணல் சூட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், அதை ஈரச்சாம்பல் போட்டு அமுக்கவேண்டும். உமி, விறகு பாய்லர்களில் இரண்டு கண்ணும் கிளாஸ் மேல் இருக்கச் சொல்வது இதனால்தான்.

ப்ளோ டவுன் (பாய்லர் தண்ணீரில் கொஞ்சம் வெளியே விடுவது) எதற்கு, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு விடலாம் (ஷெல் பாய்லருக்கு 3500 பிபிஎம் பக்கம்), சாஃப்ட்னரை எப்போது உப்புத் தண்ணீர் விட்டு ரீஜெனரேட் செய்வாய் என்பதையும் கேட்பார்கள். அதை நீ தினமும் செய்கிறாய், ஏன் என்று மட்டும் தெரிந்துகொள்.

டிப்ளமோ_மெக்கானிக்கல்:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். செகண்ட் கிளாஸ் எடுப்பது சரிதான், ஆனால் அதோடு நின்றால் 12 மணி நேர ஷிப்டும் புகையும்தான். செகண்ட் கிளாஸுக்கு ஹீட்டிங் சர்ஃபேஸ் (பாய்லரில் சூடு தண்ணீருக்குப் போகும் பரப்பு) வரம்பு உண்டு, பெரிய பாய்லர் என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ் கேட்பார்கள், 1000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சர்டிபிகேட் வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவை. ஐடிஐ முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை இருக்கிறதே, வயது இருக்கும்போதே அதையும் பார்க்கலாம்.

ரிட்டையர்டு_ஃபர்ஸ்ட்கிளாஸ்:

படிக்க வசதி இருந்தால் படிக்கட்டும் சார், ஆனால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பையனிடம் வேலையை விட்டுப் படி என்று சொல்வது சுலபம். திருப்பூர், ஈரோடு பக்கம் லைசென்ஸ் உள்ள ஆளுக்கு வேலை கிடைக்காமல் போனதாக நான் பார்த்ததில்லை. முதலில் செகண்ட் கிளாஸ் வரட்டும்.

பல்லடம்_பையன்:

எல்லாருக்கும் நன்றி. பாய்லர் நம்பரைப் பார்த்துவிட்டேன், புகையில் மூடிக் கிடந்தது, துடைத்ததும் தெரிந்தது. ராத்திரிக்கு ஆள் போடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன், பார்க்கலாம் என்றார். ஒரு சந்தேகம், சர்வீஸ் சர்டிபிகேட் கேட்டால் வேலையை விட்டுப் போகிறாயா என்று முறைக்கிறார்கள், என்ன சொல்வது?

காங்கேயம்_மில்:

லைசென்ஸ் எடுத்துவிட்டு இங்கேயே ராத்திரி ஷிப்டைச் சட்டப்படி பார்க்கிறேன், வெளியாள் தேட வேண்டாம் என்று சொல். வருடாந்திர இன்ஸ்பெக்ஷன் நெருங்கும் சமயமாகப் பார்த்துக் கேள், அப்போது அவர்களுக்கும் கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கவேண்டிய அவசியம் இருக்கும். மாதிரித் தாளை நீயே டைப் அடித்துக்கொண்டு போ, பாய்லர் நம்பர், ஹீட்டிங் சர்ஃபேஸ், தேதிகள் எல்லாம் நிரப்பி, கையெழுத்தும் சீலும் மட்டும் பாக்கி என்கிற மாதிரி.