ஸ்டெம் செல் எல்லாமே சாகுமா? முடிக்குப் பதில் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்: "டிஎன்ஏ அடிபட்டால் ஸ்டெம் செல் (புதுச் செல்களைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்) எல்லாமே தற்கொலை செய்துகொள்ளும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. எல்லாமே செத்தால் கீமோவில் கொட்டின முடி எப்படி முளைக்கிறது? என் அத்தை கோவைக்கு இறங்கிப் போய் ஆறு தடவை கீமோ போட்டுக்கொண்டார். தலை மொட்டை. எல்லாம் முடிந்த மூன்றாம் மாதம் காதோரம் பூனைமயிர் மாதிரி எழும்பியதை நானே தடவிப் பார்த்தேன்.

அருவங்காடு அக்கா: எழுதியது நான்தான். சிறுகுடலின் ஸ்டெம் செல் கொஞ்சம் கதிர்வீச்சு பட்டாலே சில மணி நேரத்தில் சாகும். டிஎன்ஏவுக்குக் காவல் நிற்கும் பி53 என்ற புரதம் விழித்து, சாவைத் தூண்டும் பூமா என்ற புரதத்தைக் கூட்டும். அப்புறம் காஸ்பேஸ் என்ற நொதி செல்லை உள்ளிருந்தே துண்டு போடும். முடி கொட்டியதும் செல் செத்ததால்தான் தம்பி.

கோத்தகிரிக்காரன்: செத்தது வேரடியில் வேகமாகப் பெருகும் செல். ஸ்டெம் செல் அதற்கு மேலே, மயிர்க்காலின் புடைப்பில் இருக்கிறது. அங்கே சாவைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதம் அதிகம். உடைந்த டிஎன்ஏவைச் சீக்கிரம் ஒட்டி, பி53-ஐயும் சீக்கிரம் அடக்கிவிடும். கவாத்து வெட்டின தேயிலை எப்படித் துளிர்க்கிறது? அடித்தண்டு உயிரோடு இருப்பதால்தானே!

அருவங்காடு அக்கா: கவாத்தைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன வருஷம் உங்கள் பேச்சைக் கேட்டு மார்கழியில் வெட்டினேன். உறைபனியில் பாதிச் செடி கருகிப் போனது.

கூடலூரான்: மனிதனுக்கு பி53-ஐ உண்டாக்கும் மரபணு ஒன்று, யானைக்கு 20. 2015-லேயே ஆய்வு வந்துவிட்டது. டிஎன்ஏ அடிபட்டால் யானையின் செல் நம்முடையதைவிட அதிகமாகச் சாகிறது, அதனால்தான் அதற்குப் புற்றுநோய் குறைவு என்கிறார்கள். அக்கா சொல்வது சரி.

கோத்தகிரிக்காரன்: அந்த ஆய்வில் பார்த்தது ரத்த வெள்ளணு. ஸ்டெம் செல் இல்லை. முடிக்கு வாருங்கள்.

பந்தலூர் வாழை: யானைக்குப் பெருமை பேசுகிறவர் என் தோட்டத்துக்கு வந்து பாருங்கள். ஒரே ராத்திரியில் நாற்பது வாழை போச்சு.

கூடலூரான்: யானை போகிற வழியில் வாழை வைத்தது யார்?

கோத்தகிரிக்காரன்: வாழையை விடுங்கள். பெருங்குடல் ஸ்டெம் செல்லிலும் பிசிஎல்-2 உண்டு. சிறுகுடல் அளவுக்கு அது சாவதில்லை. ஒரே குடலிலேயே இவ்வளவு வித்தியாசம். "எல்லாமே" என்ற சொல்லை எடுங்கள் அக்கா. எடுக்காவிட்டால் முடி எப்படி முளைத்தது என்று சொல்லுங்கள்.

அருவங்காடு அக்கா: எடுக்க மாட்டேன். முதலில் என் செடிக்குப் பதில் சொல்லுங்கள்.