தண்ணீரில் இறங்க மறுக்கும் 8 மாத லாப்ரடார்: எங்கிருந்து தொடங்குவது?

லாப்_வளர்ப்பு

வணக்கம். 8 மாதப் பெண் லாப்ரடார், வேட்டைக்களப் பயிற்சியில் இருக்கிறாள். தரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உட்காரச் சொன்னால் அசையாமல் உட்காருவாள். 50 மீட்டரில் விழும் டம்மியை (வேட்டைப் பறவைக்குப் பதிலாக எறியும் பயிற்சிப் பொதியை) நேராகப் போய் எடுத்துவந்து கையில் கொடுப்பாள். தண்ணீர் என்று வந்தால் மட்டும் வேறு நாயாகிவிடுகிறாள். முன்னங்கால்கள் தண்ணீரில், பின்னங்கால்கள் கரையில் ஊன்றியபடி, கழுத்தை எட்டின மட்டும் நீட்டி முனகுவாள். டம்மி 2 மீட்டரில் மிதந்தாலும் அதற்கு மேல் ஓரடி வைக்கமாட்டாள். பிறகு கரையோடு அங்கும் இங்கும் ஓடுவாள்.

5 மாதக் குட்டியாக இருந்தபோது செங்குத்தான கரையில் வழுக்கி விழுந்து, தலை ஒருமுறை மூழ்கி எழுந்தாள். போன வாரம் ஒருவர் சொன்னாரே என்று கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி உள்ளே இழுத்தேன். அது பெரிய தவறு என்று இப்போது புரிகிறது. குளம் கண்ணில் பட்டதுமே தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். இதைச் சரிசெய்ய முடியுமா? எந்த வரிசையில் போக வேண்டும்? லைஃப் ஜாக்கெட் போடலாமா? துப்பாக்கிச் சத்தத்தை எப்போது சேர்ப்பது?

கித்தான்டம்மி

சரிசெய்ய முடியும். 8 மாதம் என்பது எதற்கெடுத்தாலும் மிரளும் வளரிளம் பருவம். அதனால் நேற்றுவரை இல்லாத பயம் இன்று வருவதும், பொறுமையாக இருந்தால் அது போவதும் சகஜம்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: பின்னங்கால் கரையை விடமாட்டேன் என்கிறது. ஈரம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை, பாதம் தாராளமாக நனைகிறது. காலுக்கடியில் தரை இல்லாமல் போவதுதான் பயம். வழுக்கி விழுந்தபோது நடந்ததும் அதுதான், கயிற்றில் இழுத்தபோது நடந்ததும் அதுதான். இழுத்தால் எந்த நாயும் எதிர்த்திசையில் ஊன்றும். கழுத்தில் அழுத்தம், முகத்தில் தண்ணீர், காலடியில் பள்ளம், மூன்றும் ஒரே நொடியில் வந்தால் அந்த இடத்தையே வெறுக்கத்தான் செய்யும். ஆகவே இனி நீங்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: அவள் விரும்பினால் அடுத்த நொடியே தரைக்குத் திரும்ப முடிகிறதா?

முதலில் 2 வாரம் தண்ணீர்ப் பக்கமே போகாதீர்கள். தரைப் பயிற்சி வழக்கம்போல் நடக்கட்டும். அதன் பிறகும் பழைய குளம் வேண்டாம், புது இடம் தேடுங்கள். இடம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஓட்டமில்லாத நீர், அடியில் மணலோ பொடிக்கல்லோ, சீரான சரிவு. 1 மீட்டர் உள்ளே போனால் 10 சென்டிமீட்டர் ஆழம் கூடுகிற சரிவு நல்லது. பெண் லாப்ரடாருக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் தண்ணீர் வயிற்றைத் தொடும். அந்தச் சரிவில் 3 மீட்டர் உள்ளே போன பிறகுதான் அது நடக்கும். நாயை இறக்கும் முன் நீங்கள் இறங்கி நடந்து பாருங்கள். கால் புதையும் சேறு, காலைச் சுற்றும் கொடி, திடீர்ப் பள்ளம், இதில் ஒன்று இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். தண்ணீரும் சில்லென்று இருக்கக்கூடாது. மணிக்கட்டு வரை கையை ஒரு நிமிடம் வைத்திருங்கள். வலித்தால், அது கற்றுக்கொள்ளும் நாளல்ல.

முதல் சில நாள் டம்மியே வேண்டாம். நீங்கள் கணுக்கால் ஆழத்தில் இறங்கி, கரைக்கு இணையாக நடங்கள். அவளைத் திரும்பிப் பார்க்காதீர்கள், "வா வா" என்று கெஞ்சாதீர்கள். கெஞ்சக் கெஞ்ச அங்கே ஏதோ இருக்கிறது என்றுதான் நாய் நினைக்கும். அவள் கூடவே நடந்தால், மிதக்கும் உலர் தீனியில் நாலைந்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் தூவிவிடுங்கள், மூக்கை நனைத்துப் பொறுக்கித் தின்னட்டும். முகம் நனைவது அவளுடைய விருப்பத்தில் நடப்பது இதுதான் முதல்முறையாக இருக்கும்.

அடுத்து டம்மி. 225 கிராம் கித்தான் டம்மி போதும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். டம்மியைத் தண்ணீருக்கு *உள்ளே* எறிகிறார்கள். அப்படி எறிந்தால் நாய் வைக்கும் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஆழம். கரைக்கு *இணையாக* எறியுங்கள். நீங்கள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்று, பக்கவாட்டில் அதே ஆழத்தில் 5 மீட்டர் தள்ளி விழவைத்தால், அவள் தண்ணீருக்குள் ஓடுவாள், ஆழம் மட்டும் மாறாது. இரண்டு நாள் தொடர்ந்து தயங்காமல் எடுத்தால் 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஒருமுறை தயங்கினாலும் 10 சென்டிமீட்டர் குறையுங்கள். ஒரு நாளைக்கு 3 எறிதல், மிஞ்சிப்போனால் 4. மொத்தம் 10 நிமிடம். இன்னும் வேண்டும் என்று அவள் உங்களைப் பார்க்கும்போது டம்மியைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் "உட்கார், காத்திரு" எல்லாம் கிடையாது, டம்மி விழும்போதே ஓடட்டும். கட்டுப்பாடு அவளுக்குத் தெரியும், பிறகு திரும்ப வந்துவிடும்.

காற்றையும் பாருங்கள். நீங்கள் நிற்கும் கரையை நோக்கி வீச வேண்டும். அப்போது அவள் தயங்கி நின்றாலும் டம்மி அவளிடம் மிதந்து வரும். எதிர்ப்பக்கம் வீசினால், தயங்கும் ஒவ்வொரு நொடியும் டம்மி விலகிப்போகும். ஆசைப்பட்டது கைவிட்டுப் போவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மார்பு ஆழத்தில் இயல்பாக நடமாடிய பிறகுதான் நீச்சல். அதற்கு 3 மீட்டர் அகலமுள்ள, ஓட்டமற்ற ஒரு வாய்க்கால் குளத்தைவிட நல்லது. இரு கரையும் சரிவாக இருக்க வேண்டும், நடுவில் ஒரு மீட்டர் தூரம் மட்டும் நிலை கொள்ளாத ஆழம். டம்மியை எதிர்க்கரையில், காய்ந்த தரையில், அவள் பார்க்க எறியுங்கள். தரையில் கிடக்கும் டம்மியை எடுப்பது அவளுக்குக் கைவந்த வேலை. கண் டம்மியில் இருக்கும்போது இரண்டு மூன்று உதையில் நடுப்பகுதியைக் கடந்துவிடுவாள். நீங்கள் வாய்க்காலுக்குள் அவள் பக்கத்திலேயே நில்லுங்கள். கைகொடுக்கத்தானே தவிர, தள்ள அல்ல.

ஈரவால்

மேலே சொன்ன வரிசை அருமை. ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கணும். தலை மூழ்கி பயந்த நாய் முதல்ல நீந்தும்போது தலையை வானத்துக்குத் தூக்கும். தலை மேலே போனா இடுப்பு கீழே போயிடும். உடம்பு செங்குத்தா நிற்க, முன்னங்கால் தண்ணிக்கு வெளியே வந்து படார் படார்னு அடிக்கும். தண்ணி அதோட முகத்திலேயே தெறிக்கும், அதைப் பார்த்து இன்னும் மிரளும், ஒரே நிமிஷத்துல களைச்சுப் போயிடும். முன்பாதம் தண்ணிக்கு வெளியே தெரிஞ்சா அது நீச்சல் இல்லை, தத்தளிப்பு. உடனே நிறுத்துங்க.

அதுக்கு மருந்து பின்னுடம்பைத் தூக்கிவிடறதுதான். தொடைக்குக் கொஞ்சம் முன்னாடி, அடிவயித்துல உள்ளங்கையை வெச்சு லேசா ஏந்துங்க. முதுகும் வாலும் நீர்மட்டத்துக்கு வந்ததும் பின்னங்கால் தானா உதைக்க ஆரம்பிக்கும், முன்னங்கால் அடிக்கிறதும் நின்னுடும். அந்த மாற்றம் கையிலேயே தெரியும்.

இந்த நாய்க்கு லைஃப் ஜாக்கெட் போடச் சொல்வேன், ஆனா தண்ணிக்கரையில முதல்முறையா மாட்டக்கூடாது. 4 நாள் தரையில, தினம் 10 நிமிஷம் போட்டு, அதோடயே டம்மி எடுக்க விடுங்க. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும். அதைவிடத் தளர்வா இருந்தா தண்ணியில ஜாக்கெட் மேலே ஏறி தாடையை முட்டும், திரும்பவும் தலை தூக்கற கதைதான். அடிவயித்துக்கும் மிதவை இருக்கிற வகையா பாருங்க, முதுகுல மட்டும் இருக்கிறது பின்னுடம்பைத் தூக்காது. மேலே இருக்கிற கைப்பிடி நாயைத் தூக்கி உள்ளே வைக்கிறதுக்கு இல்லை, ஆபத்துல வெளியே எடுக்கிறதுக்கு.

பாதுகாப்புக் கயிறு வேணும்னா 10 மீட்டர், மிதக்கிற பாலிபுரொப்பிலீன் கயிறு. பருத்திக் கயிறு நனைஞ்சு மூழ்கி காலைச் சுத்தும். நுனியில முடிச்சோ வளையமோ வேண்டாம், வேர்ல மாட்டிக்கும். ஜாக்கெட்டோட முதுகு வளையத்துல கட்டணும், கழுத்துப்பட்டையில ஒருநாளும் கூடாது. எப்பவும் தொய்வா இருக்கணும். ஏற்கெனவே கயிறால பயந்த நாய், ஒரு சின்ன இழுப்பு போதும், எல்லாம் முதல்லேர்ந்து.

கித்தான்டம்மி

ஜாக்கெட் விஷயத்தில் நான் கொஞ்சம் தயங்குவேன். அதன் மிதப்புக்குப் பழகிய நாய், கழற்றிய அன்று மறுபடி தரை போனதாக உணரும். ஆனால் தலை மூழ்கிய அனுபவம் உள்ள இவளுக்கு ஈரவால் சொல்வது சரி. முதுகு நீர்மட்டத்தில் நிற்கத் தொடங்கியதும், முதல் எறிதல் ஜாக்கெட்டோடு, இரண்டாவது இல்லாமல் என்று அதே நாளில் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நீட்டக்கூடாது.

மோப்பம்

துணைக்கு நாய் கிடைக்குமென்றால் அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் எந்த நாய் என்பதைப் பொறுத்தது. நிதானமாக நடந்து இறங்கும் வயதான நாய் வேண்டும். பாய்ந்து குதிக்கும் நாய் இவள் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்து, டம்மியையும் பிடுங்கிக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து உலாவ மட்டும் விடுங்கள். டம்மி எறியும் நேரத்தில் மூத்தது கரையில் கட்டுக்குள் இருக்கட்டும்.

துப்பாக்கி: இப்போது வேண்டவே வேண்டாம். தண்ணீரும் வெடிச்சத்தமும் ஒரே நாளில் புதிதாக அறிமுகமானால் எதற்குப் பயந்தது என்று பிரிக்கவே முடியாது. இரண்டும் கெட்டுப்போகும். நீர்ப்பரப்பின் மேல் சத்தம் தடையின்றிப் பரவும், எதிர்க்கரையில் பட்டு எதிரொலியும் வரும். ஆகவே தரையில் சத்தத்துக்கு அசராத நாயும் அங்கே திடுக்கிடலாம். வெவ்வேறு இடங்களில் 20, 30 முறையாவது தயங்காமல் நீந்தி எடுத்த பிறகு, உதவியாளர் ஒருவர் 100 மீட்டர் தள்ளி நின்று வெற்றுத்தோட்டா சுடட்டும். நாயின் கண் டம்மியில் பதிந்திருக்கும்போது ஒரே ஒரு சத்தம். காது பின்னால் மடியாமல், வால் தாழாமல் இருந்தால் அடுத்த நாள் 80 மீட்டர்.

இன்னொன்று. நாய் உள்ளே போகட்டும் என்று டம்மிக்குப் பக்கத்தில் கல் எறியாதீர்கள். கல் மூழ்கிவிடும். சலசலப்பு கேட்ட இடத்துக்குப் போனால் ஒன்றுமே இருக்காது என்று நாய் கற்றுக்கொள்ளும். விழுந்த இடத்தை நம்பிப் போவதுதான் இவளுடைய பிழைப்பே, அதை நாமே கெடுக்கக்கூடாது. கரையோடு சுற்றி ஓடுவதையும் இப்போது திட்டித் திருத்தாதீர்கள். தண்ணீர் பிடித்துப்போன பிறகு திருத்திக்கொள்ளலாம்.

லாப்_வளர்ப்பு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே போனதில் 7 வாரத்தில் வாய்க்காலைத் தானாகக் கடக்கிறாள். ஜாக்கெட் கழற்றியாகிவிட்டது, குளத்திலும் 6 மீட்டர் நீந்தி எடுக்கிறாள். இரண்டு சந்தேகம். கரை ஏறியதும் டம்மியைக் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறுகிறாள். அடுத்தது, நேற்று மேகமூட்டமான, குளிர்ந்த நாளில் 20 நிமிடம் நீந்தினாள். இன்று காலை முதல் வால் அடியில் கொஞ்சம் நேராக நீண்டு, பிறகு உடைந்த கிளை மாதிரி தொங்குகிறது. தொட்டால் திரும்பிப் பார்க்கிறாள். தீனி ஒழுங்காகத் தின்கிறாள், நடை இயல்பாக இருக்கிறது.

ஈரவால்

வால் முதல்ல. நீங்க சொல்ற தோற்றம் குளிர்ந்த தண்ணியில அதிகம் நீந்தின நாய்களுக்கு வர்ற வால் தசை நோவு. லாப்ரடார்கள்ல அடிக்கடி பார்க்கலாம். நீந்தும்போது வாலைத்தான் சுக்கான் மாதிரி பயன்படுத்தும், பழகாத தசை அடியோட பிடிச்சுக்கும். ஓய்வு கொடுத்தா பெரும்பாலும் சில நாள்ல, கூடிப்போனா ஒண்ணு ரெண்டு வாரத்துல சரியாகும். ஆனாலும் கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க. வால் எலும்பு முறிவு, குதச் சுரப்பி வீக்கம் இதெல்லாமும் வாலைத் தொங்கவைக்கும். வலி மருந்து அவர் கொடுத்தா மட்டும். மனுஷங்க சாப்பிடற ஐபுப்ரொஃபென், பாரசிட்டமால் எதையும் கொடுத்துடாதீங்க, நாய்க்கு விஷம்.

20 நிமிஷம் அதிகம். குளிர் மட்டும் இல்லை, டம்மியைக் கவ்வ வாயைத் திறந்துக்கிட்டே திரும்பத் திரும்ப நீந்துற நாய் தண்ணியை நிறைய விழுங்கிடும். அளவு மீறினா ரத்தத்துல சோடியம் இறங்கும். வயிறு உப்பறது, வாந்தி, தள்ளாட்டம், மந்தமான பார்வை, எச்சில் வழியறது, இதுல எது தெரிஞ்சாலும் காத்திருக்காம மருத்துவமனைக்கு ஓடணும். நீர்மேல பச்சைப் பெயிண்ட் கொட்டின மாதிரி பாசி படர்ந்திருக்கிற குளத்துலயும் இறக்காதீங்க, அந்த நச்சு சில மணி நேரத்துலயே உயிரை எடுக்கும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி நாள் தவறாம இருக்கணும். ஒவ்வொரு தடவையும் காதுமடலைப் புரட்டி காதுத் துளையோட வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. பஞ்சுக்குச்சியை உள்ளே விடவேண்டாம்.

கித்தான்டம்மி

டம்மியைப் போடுவது: உதற வேண்டும் என்ற உந்துதல் உடம்பு தண்ணீரை விட்டு வெளியே வந்தவுடன் வருகிறது. ஆகவே அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நீங்கள் முழங்கால் ஆழத்தில் நில்லுங்கள். அவள் நிலை கொண்டு நடக்கத் தொடங்கும் இடத்திலேயே டம்மியைக் கையில் வாங்கி, பிறகு உதறவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஓரடி வீதம் கரையை நோக்கிப் பின்வாங்குங்கள். கரைக்கு வந்த பிறகு, அவள் வெளியேறும் நொடியில் நீங்கள் திரும்பி ஓடினால், உங்களைத் துரத்தும் வேகத்தில் உதற மறந்துவிடுவாள். நடுவில் போட்டுவிட்டால் திட்டாதீர்கள். தண்ணீரின் ஓரத்தில் திட்டு வாங்கிய நாய், தண்ணீரைத்தான் குற்றவாளியாக நினைக்கும்.

இதெல்லாம் வால் சரியான பிறகு. அது பழையபடி பக்கவாட்டில் வீசி ஆடும்வரை இறக்காதீர்கள். வலியோடு நீந்தினால் 7 வாரத்து உழைப்பும் போய்விடும். சரியானதும் முதல் நாள் வெயிலில், 3 மீட்டருக்குள், 2 டம்மி மட்டும்.