லோடிங் கண்ட்ரோல் (ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் லேனில் சம அளவு ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க வைக்கிற, மாறாது என்று நம்புகிற புரதம்) காலை வாரிய அனுபவம் யாருக்காவது உண்டா?

ஓசூர் பாசஞ்சர்: ஓசூரிலிருந்து பெங்களூரு லேபுக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். ஹைபாக்ஸியா (ஆக்ஸிஜன் குறைத்த) சாம்பிள், வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் முறை), கண்ட்ரோலுக்கு ஜிஏபிடிஹெச் என்ற நொதி. பிராட்ஃபோர்டு (புரத அளவு சொல்லும் சாயச் சோதனை) பார்த்துச் சமமாகத்தான் ஏற்றியிருந்தோம். இருட்டறையில் ஃபிலிமைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பிடித்தால், ஜிஏபிடிஹெச் வரும் 37 கிலோடால்டன் பக்கம் சாதாரண லேன்களில் மெல்லிய கோடு, ஆக்ஸிஜன் குறைத்த லேன்களில் மட்டும் கட்டெறும்பு மாதிரி தடித்த கறுப்பு. சீனியர் அக்கா எட்டிப் பார்த்து, "பிப்பெட்டிங் சரியில்லப்பா, திரும்பப் போடு" என்று போய்விட்டார். ஆக்ஸிஜன் இல்லையென்றால் செல் சர்க்கரையை உடைத்துத்தானே பிழைக்கும், அந்த வேலையில் இருக்கிற நொதியே கூடாமல் என்ன செய்யும்? கடைசியில் அந்தத் தடித்த பேண்டால் வகுத்துத்தான் எங்கள் புரதம் 'குறைந்தது' என்று எழுதினார்கள். இன்னும் உறுத்துகிறது.

பாலக்கோடு தக்காளி: ஒரு பிளாட்டை வைத்து ஹைபாக்ஸியாதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள், அக்கா சொன்னதும் சரியாக இருக்கலாமே? பொன்சோ (சவ்விலுள்ள மொத்தப் புரதத்தையும் சிவப்பாகக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்தீர்களா? நான் தருமபுரி பக்கத்து விவசாயியிடம் பட்டுப்புழு வாங்கி வேலை செய்தவள். என் வைவாவில் வெளித்தேர்வாளர் மேலே இருந்த என் புரதத்தின் பேண்டைப் பேனாவால் மறைத்துவிட்டு, கண்ட்ரோலுக்கு வைத்த ஆக்டினை மட்டும் காட்டி, "இதில் பாதி அளவு ஏற்றியிருந்தாலும் இப்படித்தானேம்மா இருக்கும்?" என்றார். எல்லா லேனிலும் ஒரே கறுப்பு. சிக்னல் உச்சத்தைத் தொட்டுவிட்டால் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. ஹால் கப்சிப்.

ராகிக்களி: எனக்குக் கண்ட்ரோலுக்கு வைத்த டியூபுலின் என் புரதத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது, இரண்டுமே 50 கிலோடால்டனை ஒட்டி. அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும். பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் சவ்வை மூடுவது) முன்னாலேயே பொன்சோ போட்டுப் படம் எடுங்கள், தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஒரே சாம்பிளை 5, 10, 20, 40 மைக்ரோகிராம் என்று ஏற்றி, பேண்டும் இரண்டிரண்டு மடங்காக ஏறுகிறதா பாருங்கள், ஏறுகிற வரம்புக்குள் மட்டும் அளவெடுங்கள். மொத்தப் புரதத்தால் வகுப்பது இன்னும் நல்லது, ஒரே புரதத்தின் தயவில் நிற்க வேண்டாம். அதற்காக அதையும் கண்மூடி நம்பாதீர்கள். கிருஷ்ணகிரி பக்கம் மழை பொய்த்த ராகி இலையை அரைத்துப் போட்டால் லேனில் பெரிய பேண்டே ரூபிஸ்கோதான் (ஒளிச்சேர்க்கை நொதி), வாடினால் அதுவே குறையும். அப்புறம் ஆன்டிபாடியை...

ஓசூர் பாசஞ்சர்: அண்ணே, கதைதான் கேட்டேன், வகுப்பு இல்லை. தக்காளிக்கு: பொன்சோ போட்டோம், எல்லா லேனும் ஒரே சிவப்பு. அக்காதான் கழுவினார்.