ஏற்காடு குளிரில் இஞ்சி பீர் நுரைக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டுக்குத் தோதான சீசன் பானம், ஏற்காடு ஆரஞ்சு சேர்த்த இஞ்சி பீர். கொதித்து ஆறிய தண்ணீர் 2 லிட்டர், சர்க்கரை 150 கிராம், இஞ்சி 50 கிராம். உறைக்கு, தோல் சீவாத இஞ்சித் துருவலும் சர்க்கரையும் தினம் ஒரு ஸ்பூன் போட்டு 5 நாள் நுரைக்கவிட்ட தண்ணீர் அரை டம்ளர். கடைசியில் ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர், கையால் பிழிந்தது. மிக்ஸியில் அடித்தால் விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கிக் கசந்துடும்.

சேலத்தில் இதை ஊற்றி மூடின பிளாஸ்டிக் பாட்டில் இரண்டே நாளில் வாயு நிறைஞ்சு கல்லு மாதிரி இறுகுது, உடனே ஃபிரிட்ஜுக்குப் போயிடணும். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். மேலே ஏற்காட்டிலோ ஐந்து நாளானாலும் ஓரத்தில் நாலு குமிழிதான். சர்க்கரையைக் கூட்டுவது வீண், உறையில் இருந்து நுரைக்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு வேண்டியது சூடு.

ராத்திரி முழுக்க 25 டிகிரி நிற்க சூடு தங்க வைக்கோல் அடைச்ச பெட்டி போதுமா, குண்டு பல்பு வேணுமா? மலையில் செய்து பார்த்தவங்க சொல்லுங்க.